நெய்தல் விஸ்கி: பெயர் உண்டு, ஊர் இல்லை

மச்சான் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது பெட்டியிலிருந்து கடைசியாக வெளியே வந்தது அந்தப் பாட்டில்தான். தைலம், சாக்லேட், பிள்ளைகளுக்கு ஸ்கெட்ச் பேனா எல்லாம் பங்கு பிரித்து முடிந்து, பெண்கள் எழுந்து அடுப்படிப் பக்கம் போன பிறகு, கைலியில் சுற்றி வைத்திருந்ததை அவிழ்த்து என் மடியில் வைத்து, "மச்சான், இதுல தமிழ்ப் பேரு போட்டிருக்கான் பாருங்க" என்றான். ஆங்கில எழுத்தில் நெய்தல். அவனோடு வேலை பார்க்கும் பஞ்சாப்காரர் அதை 'நைடால்' என்று வாசித்துவிட்டு, இது எதற்கான மாத்திரை என்று கேட்டாராம். எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வந்து என்னைக் காப்பாற்றிய அதே நெய்தல், கடலும் கடல் சார்ந்த இடமும்.

பெங்களூரு அம்ருத் கம்பெனி 'சிங்கிள் மால்ட்ஸ் ஆஃப் இந்தியா' என்று ஒரு வரிசை ஆரம்பித்து, அதில் முதலாவதாக இறக்கியது இது. சிங்கிள் மால்ட் என்றால் ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கி. அடுத்து குறிஞ்சி வந்தது. நெய்தல் பீட் என்கிற சதுப்பு மண்ணின் புகை ஏறிய மால்ட், ஆல்கஹால் 46 சதவீதம், வயது போடவில்லை, குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் பாட்டிலில் அடைத்தது. அந்த 'லிமிடெட் எடிஷன்' என்ற வார்த்தையில்தான் மச்சான் விழுந்திருக்கிறான். பத்து வருஷம் உடைக்காமல் வைத்தால் பத்து மடங்கு போகும் என்று அவன் தங்கியிருக்கும் டார்மிட்டரியில் யாரோ ஓதிவிட்டார்கள்.

நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குடிக்க நல்ல விஸ்கி. பூட்டி வைக்க வேண்டிய விஸ்கி இல்லை. இதை மச்சானுக்குப் புரியவைக்க எனக்கு நாலு நாள் ஆனது.

விலையைக் கேட்டால் சிரித்து மழுப்பினான், துருவியதில் நம் பணத்துக்குப் பத்தாயிரத்தை ஒட்டி வந்தது. 700 மில்லிக்கு. 2025-26 பருவத்தில் கொள்முதல் நிலையத்தில் பொது ரகம் குவிண்டால் 2,500 ரூபாய், ஆக நாலு குவிண்டால், 40 கிலோ மூட்டையாகப் போட்டால் பத்து மூட்டை நெல். நன்னிலம் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவனுக்கு எதைப் பார்த்தாலும் மூட்டைக் கணக்குதான் வரும், மன்னிக்கவும்.

அம்ருத் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பாட்டிலின் மரியாதை பாதி அந்தப் பெயரால் வருவது. 1948-ல் ராதாகிருஷ்ண ஜக்தாலே பெங்களூரில் ஆரம்பித்தது. வெகுகாலம் பிராந்தி, ரம் என்று ராணுவக் கேண்டீனுக்குப் போகிற வகையறாதான் பிழைப்பு. 1980-களின் ஆரம்பத்தில் மகன் நீலகண்ட ராவ் ஜக்தாலே பார்லியில் மால்ட் வடிக்க ஆரம்பித்தார், அதுவும் தனியாக விற்க இல்லை, மற்ற விஸ்கியில் கலக்க. அப்புறம் பேரன் ரக்ஷித் இங்கிலாந்தில் நியூகாசிலுக்கு எம்.பி.ஏ. படிக்கப் போனார். அங்கே இருக்கும் இந்திய ஓட்டல்களில் இந்திய சிங்கிள் மால்ட் விலைபோகுமா என்று விசாரித்துப் பார் என அப்பா சொல்ல, அது படிப்புக்கான ஆய்வாகவே ஆகி, கடைசியில் 2004 ஆகஸ்ட் 24 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்திலேயே கொண்டுபோய் இறக்கினார்கள். கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்பார்களே, அது. நம்மூர் ஆட்களுக்கு இது பாட்டிலாகக் கிடைக்க 2010 ஆனது.

கிளாஸ்கோக்காரன் சிரித்திருப்பான் என்பதில் சந்தேகமே இல்லை. நம் கடைகளில் விஸ்கி என்று விற்பதில் பலவும் கரும்பு மொலாசஸ் சாராயம், அதில் பெயருக்குக் கொஞ்சம் மால்ட். ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று லேபிள் ஒட்டவே முடியாது. தானியத்தில் வடித்து, குறைந்தது மூன்று வருஷம் மரப்பீப்பாயில் கிடந்தால்தான் அந்தப் பெயர். அப்படிப்பட்ட நாட்டிலிருந்து ஒருவன் சிங்கிள் மால்ட் என்று கொண்டு வந்தால் யார் நம்புவார்கள்? நிலைமை மாறியது 2009-ல் வந்த ஃப்யூஷனால். நம் வடநாட்டு பார்லியும் ஸ்காட்லாந்துப் புகை பார்லியும் சேர்ந்தது, ஆல்கஹால் 50 சதவீதம். ஜிம் மரே என்கிற விமர்சகர் 2010-க்கான தன் மதிப்பீட்டில் அதற்கு 100-க்கு 97 போட்டு உலகத்தில் மூன்றாம் இடம் கொடுத்தார். அன்றிலிருந்து அம்ருத் என்றால் எடுத்துப் பார்க்கிறார்கள்.

மால்ட் என்றால் என்ன என்று மச்சான் கேட்டான். பத்து மூட்டை நெல் விலை கொடுத்து வாங்கியவன் கேட்கிற கேள்வியா இது! ஆனால் டெல்டாக்காரனுக்கு இதைவிட எளிதாகச் சொல்லக்கூடிய விஷயம் வேறு இல்லை. விதைநெல்லைச் சாக்கில் கட்டி ஊறப் போட்டு, எடுத்து வடியவிட்டு, ஈரச்சாக்கும் வைக்கோலும் போட்டு மூடி வைக்கிறோம் இல்லையா, மறுநாள் உள்ளே கையை விட்டால் வெதுவெதுவென்று சுடும், வெள்ளையாக மூக்கு நீட்டியிருக்கும், அதுதான். நாம் அதை நாற்றங்காலில் தெளிக்கிறோம், அவன் பார்லியை அந்தக் கட்டத்திலேயே உலர்த்தி முளையை நிறுத்திவிடுகிறான். முளைக்கிற தானியம் தன் மாவைத் தானே சர்க்கரையாக்கத் தயாராகிவிட்டது, அந்த வேலையைச் செய்யும் நொதி உள்ளே ஊறிவிட்டது, அதுதான் அவனுக்கு வேண்டியது. அப்புறம் நொறுக்கி வெந்நீரில் கரைத்தால் இனிப்புத் தண்ணீர். ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்தால் ஏறக்குறைய பீர் மாதிரி ஒன்று. அதைச் செம்புப் பாத்திரத்தில் இரண்டு தடவை வடிக்க வேண்டும். வெளியே வருவது தண்ணீர் மாதிரி நிறமற்ற சரக்கு. பழுப்பு நிறமும் பாதிக்கு மேல் ருசியும் பீப்பாய் கொடுப்பது.

உலர்த்தும்போது அடியில் பீட் எரித்தால் அந்தப் புகை பார்லியில் ஏறிவிடும். பீட் என்பது சதுப்பு நிலத்தில் செடி, பாசி எல்லாம் பல ஆயிரம் வருஷம் பாதி மக்கிக் கிடந்த மண். வெட்டிக் காயவைத்து வறட்டி மாதிரி எரிப்பார்கள். ஐலா என்கிற ஸ்காட்லாந்துத் தீவின் சரக்குகள் இந்த வாடைக்குப் பேர்போனவை. முதன்முதல் குடிப்பவன் ஆஸ்பத்திரி டிஞ்சர் வாடை என்றுதான் சொல்வான். சொல்லட்டும். இரண்டாவது தடவை வேறு மாதிரி பேசுவான்.

இந்தியாவில் வடிப்பதில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் ஒரே காரணத்தால் வருகின்றன: வெயில். பீப்பாயில் கிடக்கும் சரக்கு மரத்துக்குள் போய்ப் போய் வரும், சூடு கூடினால் அந்தப் போக்குவரத்தும் கூடும், அதனால் அங்கே பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் வருகிற பக்குவம் இங்கே நாலைந்து வருஷத்தில் வந்துவிடுகிறது. கூடவே ஆவியாகவும் போகிறது. ஸ்காட்லாந்தில் வருஷத்துக்கு 2 சதவீதம் குறையும், அதைத் தேவதைகளின் பங்கு என்று அழகாகச் சொல்லிக்கொள்வார்கள். பெங்களூரில் அது 10 முதல் 12 சதவீதம். அத்தனைக்கும் பெங்களூரு மேட்டு நிலம், நம் சித்திரை வெயிலெல்லாம் அங்கே கிடையாது. அம்ருத்தே இதைக் கேலி செய்து 2013-ல் எட்டு வருஷச் சரக்கு ஒன்றுக்கு 'கிரீடி ஏஞ்சல்ஸ்' என்று பெயர் வைத்தார்கள், பேராசைக்காரத் தேவதைகள். தேவதைகள் குடித்துவிட்டு மிச்சம் வைத்தது 144 பாட்டில். சேர்த்து வைப்பவர்கள் தேடுவது அந்த மாதிரி பாட்டிலைத்தான். கணக்கு நேர்மையானது, ஏன் குறைவு என்பதற்குக் காரணம் பீப்பாய்க்குள்ளேயே இருக்கிறது.

நெய்தல் அப்படிப்பட்டது இல்லை, இங்கேதான் எனக்கும் அந்தப் பாட்டிலுக்கும் முதல் மனஸ்தாபம். இது அம்ருத் தன் கம்பிபுரா ஆலையில் வடித்ததில்லை. இந்தியாவின் கடலோரத்தில் இருக்கும் வேறு ஓர் ஆலையின் சரக்கு, அம்ருத் தேர்ந்தெடுத்துத் தன் பெயரில் அடைத்துத் தருகிறது. எந்தக் கடல், எந்த ஊர், யாருடைய ஆலை, ஒன்றும் கிடையாது. கடலோரம். அவ்வளவுதான்.

இது ஏமாற்று வேலை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் இது பழைய தொழில். எல்ஜின் ஊரில் 1895-ல் மளிகைக்கடையாகத் தொடங்கிய கார்டன் அண்ட் மெக்ஃபெயில், அதற்கும் முந்தைய 1842-ன் கேடன்ஹெட், இவர்களெல்லாம் அடுத்தவர் வடித்ததை வாங்கித் தங்கள் பெயரில் அடைத்துப் பெரிய ஆள் ஆனவர்கள்தான். ஆனால் அவர்கள் பெரும்பாலும் ஆலையின் பெயரை லேபிளில் போடுவார்கள், ஒப்பந்தம் தடுத்தால்தான் மறைப்பார்கள். இந்தியாவில் இப்படி ஒரு வேலையை ஆரம்பித்ததே பெரிது என்று வைத்துக்கொண்டாலும், 'நெய்தல்' என்று பெயர் வைத்துவிட்டு ஊரை மறைப்பது எனக்கு உறுத்துகிறது. அகப்பாட்டில் தலைவன் பெயரைச் சொல்லக்கூடாது என்று ஒரு மரபு உண்டு, சரி, அதன்படி ஆலைக்காரன் பெயரை மறைத்தார்கள் என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் அதே அகப்பாடல்களில் தொண்டி வரும், கொற்கை வரும். ஆளை மறைத்தார்களே தவிர ஊரை மறைக்கவில்லை. திணை என்பதே நிலத்தை வைத்து வருவது. நிலத்தைச் சொல்லாத நெய்தல் என்ன நெய்தல்?

மனைவியின் பெரியப்பாவுக்கு வேறு சந்தோஷம். பாட்டிலில் பெங்களூரு என்று பார்த்துவிட்டு, "நம்ம பங்குத் தண்ணி இப்படியாச்சும் வந்து சேந்துச்சே" என்றார். பெங்களூரு குடிப்பது காவிரித் தண்ணீர்தான் என்பது உண்மை, ஆனால் பெரியப்பா, இது அங்கே வடித்ததே இல்லை என்று சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. தவிர அவருக்கு டாக்டர் தடை போட்டிருக்கிறார், மோந்து பார்ப்பதோடு சரி.

இப்போது பூட்டி வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். மச்சான் காட்டிய உதாரணம் மெக்கலன் 1926. ஒரே பீப்பாய், 60 வருஷம், மொத்தம் 40 பாட்டில், அதில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 21 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது. அது எல்லாம் சரி. அந்த 40-ஐயும் நம்முடையதையும் ஒரே தராசில் வைக்கவே முடியாது. இன்னொன்று, ஒயின் மாதிரி விஸ்கி பாட்டிலுக்குள் வளராது. பீப்பாயை விட்டு வெளியே வந்த அன்றோடு வயது நின்றுவிடும். இருபது வருஷம் பீரோவில் கிடந்தாலும் உள்ளே இருப்பது அதே சரக்கு, வளர்வது பாட்டிலின் மேல் இருக்கும் தூசு மட்டுமே.

அப்புறம் எங்கே வைப்பாய் என்று கேட்டேன். பழைய பாட்டிலுக்கு விலை வைப்பவன் முதலில் பார்ப்பது சரக்கு எந்த மட்டத்தில் நிற்கிறது, லேபிள் எப்படி இருக்கிறது, பெட்டி இருக்கிறதா என்று. நம் பக்கத்தில் பங்குனியிலிருந்து ஆவணி வரை வீட்டுக்குள்ளேயே வேகும், கார்க் காய்ந்து சுருங்கி மட்டம் இறங்கும். ஐப்பசி கார்த்திகையில் சுவர் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், லேபிளை ராமபாணப் பூச்சி தின்னும். கல்யாணப் பத்திரம், நிலப் பத்திரம் எல்லாவற்றையும் தின்ற பூச்சிக்கு விஸ்கி லேபிள் எம்மாத்திரம்? 2018 நவம்பரில் கஜா அடித்த ராத்திரி ஓடு பறந்து பீரோவுக்குள் தண்ணீர் போனதை நான் கண்ணால் பார்த்தவன். படுக்கவைத்தால் மட்டம் தெரியாமல் கசியும், கார்க்கையும் அரிக்கும் என்பதால் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும், அதற்கு வீட்டில் ஒரே இடம் சாமி அறை அலமாரி. அத்தை வைக்க விடுவார்களா?

எல்லாவற்றுக்கும் மேலே, யாரிடம் விற்பாய்? லண்டனில் ஏலம் இருக்கிறது. இங்கே உரிமம் இல்லாமல் ஒரு பாட்டிலைக் காசுக்குக் கொடுத்தால் அது குற்றம். தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில், மச்சான் ஊரான காரைக்காலில் வேறு சட்டம் என்றாலும் தனியாள் விற்க முடியாது என்பதில் மாற்றம் இல்லை. விற்க முடியாத சொத்தைச் சேர்த்து வைப்பதற்கு அப்பாவின் பழைய டிராக்டரே போதும்.

நாலாவது நாள் உடைத்தோம்.

மனைவியின் ஊர் காரைக்கால். மாமனார் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் அரசலாறு கடலில் சேருகிற பக்கம் தெரியும். பிரெஞ்சுக்காரன் 1954 வரை வைத்திருந்த ஊர், அதனால் இன்னும் தனி ராஜ்யம், சுற்றிலும் தமிழ்நாடு. நெய்தலுக்குரிய பொழுது எற்பாடு, பொழுது சாய்கிற நேரம், ஆகவே ஐந்தரைக்கு மேல்தான் மூடியைத் திருகுவது என்று நானே சட்டம் போட்டேன். ஒன்று கவனித்தேன். நம் பக்கம் சூரியன் கடலில் விழுவதில்லை, முதுகுக்குப் பின்னால் வயல் பக்கம் இறங்குகிறது. கடலைப் பார்த்து உட்கார்ந்தால் வெளிச்சம் மருதத்திலிருந்து வந்து கடல்மேல் விழுந்து மெல்லச் செத்துப்போகிறது. நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று வைத்தவன் கிழக்குக் கடற்கரைக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

நாங்கள் மூன்று பேர்: நான், மச்சான், பக்கத்துத் தெருவில் படகு வைத்திருக்கும் அண்ணன். ஸ்காட்லாந்துக்காரன் வயிறு பருத்து வாய் குறுகிய கிளாஸில் குடிப்பான், வாடை மேலே ஒன்றுகூடி வர. நம்மிடம் இருந்தது எவர்சில்வர் டம்ளரும் டீக்கடைக் கிளாஸும். எவர்சில்வரில் ஊற்றாதீர்கள், நிறமும் தெரியாது, வாடையும் வராது. டீக்கடைக் கிளாஸ் பரவாயில்லை, மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி உள்ளங்கையால் மூடி ஒரு நிமிஷம் கழித்து எடுத்தால் வேலை நடக்கிறது.

இன்னொன்று சூடு. 'அறை வெப்பத்தில் குடியுங்கள்' என்று எல்லா நிபுணரும் சொல்வார்கள், அவர்கள் அறை 18, 20 டிகிரி. நம் மாடி சாயங்காலமும் 32. அந்தச் சூட்டில் கிளாஸைத் தூக்கினால் சாராய நெடி மட்டும் மூக்கில் அடிக்கும், மீதி எல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். முதல் ரவுண்டில் எங்களுக்கு அதுதான் நடந்தது, மச்சான் முகத்தைச் சுளித்து, இதுக்கா பத்தாயிரம் என்று என்னையே பார்த்தான், வாங்கியது என்னவோ நான் மாதிரி. பாட்டிலை ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்து எடுத்தோம், ஃபிரீசரில் இல்லை. அப்புறம் ஆள் மாறிவிட்டது.

வாடை முதலில் இனிப்பு. நன்றாகப் பழுத்த பூவன்பழத்தை உரித்து வைத்த மாதிரி, கொஞ்சம் தேன், கொஞ்சம் பழைய மரப்பெட்டி. புகை உடனே வரவில்லை, பின்னாலிருந்து மெதுவாக எழுந்து வருகிறது, அடுத்த தெருவில் யாரோ ஈர விறகு வைத்துவிட்ட மாதிரி. ஐலா சரக்கு மாதிரி கதவை உடைத்துக்கொண்டு வருவதில்லை. ஆர்ட்பெக் போன்றவற்றில் பார்லியில் ஏறும் புகைச் சத்து 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் 55 பங்கு) அளவு, அதை ஒரு தடவை நாகப்பட்டினத்தில் ஒரு நண்பர் வீட்டுக் கல்யாணத்தில் குடித்து அன்று முழுக்க வாயில் டிஞ்சரோடு அலைந்திருக்கிறேன். இது அதற்குப் பாதிகூட முரடு இல்லை. வாயில் வைத்தால் மேல்நாக்கில் இனிப்பு, நடுவில் மிளகுக் காரம், கடைசியில் உப்புக் கரிப்பு மாதிரி ஒன்று. கடலோரத்தில் கிடந்ததால் உப்பு ஏறியது என்று நம்ப ஆசைதான். கடலோரத்தில் உட்கார்ந்து குடித்ததால் அப்படித் தோன்றியிருக்கலாம், காரைக்காலில் உதட்டை நக்கினாலே உப்புதான்.

படகுக்கார அண்ணன் ஒரு வாய் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "எங்கப்பா மரவத்தைக்குத் தார் பூசி வெயில்ல கவுத்துப் போட்டிருப்பாரு தம்பி, நாங்க புள்ளைங்க நெழலுக்கு அதுக்கு அடியில பூந்து படுப்போம். அந்த வாடை இது." இப்போது எல்லாம் பைபர் படகு, தார் வாடை யாருக்கும் கிடைப்பதில்லை. இந்தப் பாட்டிலைப் பற்றி நான் படித்த எந்த வர்ணனையும் இதற்குக் கிட்டே வராது. கடலோரம் என்று லேபிளில் போட்டிருப்பது உண்மைதான் என்று எனக்கு அவர் சொன்ன பிறகுதான் நம்பிக்கை வந்தது.

தண்ணீர் கலக்கலாமா என்றால் தாராளமாக, ஆனால் டீஸ்பூன் கணக்கில். 46 சதவீதம் என்பது நம் கடைச் சரக்கின் 42.8-ஐ விட ரொம்ப அதிகமில்லை, ஒரு டீஸ்பூன் விட்டதும் பழ வாடை இன்னும் திறக்கிறது, மூன்று டீஸ்பூனில் புகை கழன்றுவிடுகிறது. சோடா ஊற்றினால் பாவம். கோலா ஊற்றினால் என்னிடம் சொல்லாதீர்கள். இரண்டாவது ரவுண்டில் மச்சான் என் கண்ணில் படாமல் ஐஸ் போட்டான். ஐஸ் கரைந்த பிறகு புகையும் இல்லை, பழமும் இல்லை, குளிர்ந்த ஏதோ ஒன்று இருந்தது.

சைடு டிஷ் விஷயத்தில்தான் நெய்தலின் பெயர் பொருந்துகிறது. அத்தை முதலில் கொடுத்தனுப்பியது நண்டு மசாலா, அற்புதமான நண்டு, ஆனால் பட்டை கிராம்பு வந்து விஸ்கியை அமுக்கிவிட்டது. ஊறுகாய் கூடவே கூடாது. நெத்திலியை மஞ்சள், உப்பு, கொஞ்சம் மிளகாய்த்தூள் மட்டும் போட்டு மொறுமொறுவென்று வறுத்தது அருமையாகச் சேர்ந்தது. அதைவிட நன்றாகச் சேர்ந்தது கணவாய் மிளகு வறுவல். மிளகும் புகையும் இரண்டு பேரும் ஏற்கெனவே உறவுக்காரர்கள் மாதிரி பேசிக்கொண்டார்கள். சைவக்காரர்களுக்கு உப்புப் போட்டு வறுத்த கடலை போதும்.

சரி, ஃப்யூஷனா நெய்தலா என்று கேட்டால் நான் ஃப்யூஷன் பக்கம். அதில் 50 சதவீதத்தின் கனம் இருக்கிறது, புகையும் பார்லியும் சண்டை போட்டுச் சமாதானம் ஆகிற மாதிரி ஒரு நீளம் இருக்கிறது, விலை குறைவு, எப்போதும் போடுகிற சரக்கு என்பதால் தேடி அலைய வேண்டாம், எங்கே வடித்தார்கள் என்றும் தெரியும். நெய்தல் அதைவிட மென்மை. முடிவு சட்டென்று வந்துவிடுகிறது, விழுங்கிக் கொஞ்ச நேரத்தில் வாயில் சாம்பல் ருசி மட்டும் மிஞ்சுகிறது. புகைச் சரக்கு குடித்தே பழகாதவர்களுக்கு ஆரம்பிக்க இதைவிட நல்லது சொல்ல மாட்டேன், ஆனால் ஆரம்பிப்பதற்குப் பத்து மூட்டை நெல் கொஞ்சம் அதிகம். யாராவது வெளிநாட்டிலிருந்து வரும்போது, இரண்டு லிட்டர் அனுமதிக்குள் இடம் இருந்தால், நாலு பேர் பங்கு போட்டு வாங்குங்கள். தனியாக வாங்கிப் பூட்டி வைக்காதீர்கள்.

மருதம் என்று ஒன்று எப்போது வரும் என்று மச்சான் கேட்டான். வயலும் வயல் சார்ந்த இடமும் என்றால் அது நாம்தான், பார்லி இங்கே விளையாது, நெல்லில் வடித்தால் நம் சட்டப்படி அது சிங்கிள் மால்ட் ஆகாது. அம்ருத்திடம் வெல்லத்தில் செய்த ரம் கலந்த 'டூ இண்டீஸ்' என்ற ரம் இருக்கிறது, கரும்பு வயலும் வயல்தானே என்று அதை மருதமாக வைத்துக்கொள்ளலாம். பழைய காலத்தில் இங்கே அரிசியில் ஆக்கிய தோப்பி இருந்தது, மூங்கில் குழாயில் விட்டு முதிரவைத்த தேறல் மலைப்பக்கம் இருந்தது, இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பூம்புகார்த் துறையில் யவனர் கப்பல் வந்து நின்ற காலமும் இருந்தது. மருதத்தின் பொழுது வைகறை, உரிப்பொருள் ஊடல். விடியற்காலையில் குடித்துவிட்டு வீட்டில் சண்டை வாங்குகிற சரக்கு என்று மச்சானுக்கு விளக்கினேன். அது ஏற்கெனவே ஊர் ஊருக்கு இருக்கிறது என்றான்.

பாட்டில் இப்போது பாதிக்குக் கீழே. பாதிக்கு மேல் காற்று நுழைந்துவிட்டால் சில மாதத்தில் வாடை தளர ஆரம்பிக்கும், நம் சூட்டில் இன்னும் சீக்கிரம், அதனால் பொங்கலுக்குள் முடித்தாக வேண்டும். பெட்டியை மட்டும் மச்சான் கசங்காமல் எடுத்து வைத்திருக்கிறான். அத்தை அதற்குள் மின்கட்டண ரசீதுகளைப் போட்டு வைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.